மஞ்சத்தண்ணி ஊத்துன கட்டி

காலைக் கொஞ்சம் நகர்த்திக்கிட்டீங்கன்னா இந்தத் தட்டத்தையெல்லாம் சீட்டுக்கடியில தள்ளிருவேனுங்க. ஆமாங்க, சீர்த்தட்டுத்தான். பழம் எடுத்துக்குங்க. அட, கூச்சப்படாதீங்க. மாதுளை இருக்குது, ஆப்பிள் இருக்குது. கோயமுத்தூர் போய்ச் சேர்றதுக்குள்ள இதைக் காலி பண்ணினாத் தேவலை. சீர் கொண்டு போனவன் சீரோடயே திரும்பி வந்தான்னு என்ற ஊட்டுக்காரி முன்னால போய் நிக்க முடியாதுங்க.

காங்கேயத்துக்குப் பக்கத்துல ஒரு கோயிலுங்க. என்ற தங்கச்சி மகளுக்கு இன்னிக்கு அங்க மொட்டையடிச்சுக் காதுகுத்து. நான் தாய்மாமன். ஒரே மாமன். என்ற மடியில உக்கார வெச்சுத்தான் குத்தோணும். அப்படிக் குத்தலைங்க. சீர்த்தட்டைப் பக்கத்துல வெச்சுட்டு நான் மரம் மாதிரி நிக்கறேன், அங்க குத்தியே முடிச்சுட்டாங்க.

ஏன்னு கேக்கறீங்களா? கினியான்னு ஒரு நாடு இருக்குது தெரியுங்களா? ஆப்பிரிக்காவுல. சிரிக்காதீங்க. அங்கிருந்துதான் ஆரம்பிக்கோணும். எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பிச்சுது.

இந்த பஸ்ஸு ஜன்னல் சட்டத்தைத் தொட்டுப் பாருங்க. அலுமினியம். கீழ மிதிக்கற பட்டை இருக்குதே, அதுவும் அலுமினியம். இது எங்கிருந்து வருதுன்னு இந்த பஸ்ஸுல ஒருத்தருக்காச்சும் தெரியுமா? மண்ணுங்க. செகப்பு மண்ணு. அந்த மண்ணு கினியாவுல மலை மலையாக் கெடக்குது. அதை வெட்டிக் கப்பல்ல ஏத்தி, சீனாக்காரன் கொண்டுபோய் வேக வெச்சு வெள்ளைப் பொடியாக்கி, அந்தப் பொடியில கரண்டை உட்டு உலோகம் ஆக்கறான். கரண்டுன்னா கொஞ்சநஞ்ச கரண்டு இல்லீங்க, ஒரு ஊருக்கே ஆகற கரண்டு. மண்ணு நின்னாலும் போச்சு, கரண்டு நின்னாலும் போச்சு. நான் படிச்சது பத்தாவதுதானுங்க. ஆனா இன்னிக்கு லண்டன்ல அலுமினியம் என்ன விலைன்னு கேளுங்க, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

கணபதியில எனக்கு ஒரு சின்னப் பட்டறைங்க. அலுமினியக் கட்டியை வாங்கி உருக்கி, கிரைண்டருக்கும் மோட்டாருக்கும் பாகம் ஊத்திக் குடுப்போம். பேரு சென்னியப்பன். கணபதியில வந்து அலுமினியம் சென்னியப்பன்னு கேட்டீங்கன்னா யாரும் கை காட்டுவாங்க. இப்பக் காட்டுவாங்களா தெரியலை. பட்டறை வேற ஆளு கைக்குப் போயிருச்சு.

உலைகிட்ட நின்னது என்ற மாப்ள. தங்கச்சி வாணி ஊட்டுக்காரர், சிகாமணின்னு பேரு. தறிக்காரக் குடும்பம். கண்ணாலம் முடிஞ்சு தறி ஓடலைன்னு சும்மா இருந்தாரு, நாந்தான் வாங்க மாப்ள, நம்ம பட்டறை இருக்குதில்லன்னு கூட்டியாந்தேன். தறி ஓட்டுன கை பாருங்க, அத்தனை பதனம். கட்டி வந்துச்சுன்னா அப்படியே தூக்கி உலைக்குள்ள போட மாட்டாரு. உலை வாயைச் சுத்தி வரிசையா அடுக்கி வெச்சு, அது கை வெக்க முடியாத சூடு ஏறுனப்பறந்தான் உள்ள உடுவாரு. மழைக்காலத்துல கேக்கவே வேண்டாம், அரை நாளு அதுலயே போயிரும். நான் கேலி பண்ணுவேன். 'ஏனுங் மாப்ள, கட்டிக்குச் சளி புடிச்சுக்குமா?' சிரிப்பாரு. திருப்பி ஒரு வார்த்தை பேச மாட்டாரு. அந்த மாதிரி மனுசன் கெடைக்க மாட்டாருங்க. இப்பச் சொல்றேன், என்ற கூடப்பொறந்த தம்பி இருந்திருந்தாக்கூட அவரு மாதிரி இருந்திருக்க மாட்டான்.

கொரோனா கொஞ்சம் ஓஞ்சு எல்லாரும் மறுபடி பொழப்பைப் பாக்கலாம்னு எந்திரிச்ச வருசம் ஞாபகம் இருக்குதுங்களா? அந்த வருசந்தான் கினியாவுல ராணுவம் வந்து பிரசிடெண்டைப் புடிச்சு உக்கார வெச்சிருச்சு. மண்ணு வருமா வராதான்னு உலகம் பூரா பயம். விலை ஏறுச்சு. அந்த நேரம் பாத்துச் சீனாவுல கரண்டு இல்லைன்னு உருக்காலைகளைக் குறைச்சுட்டாங்க. இன்னும் ஏறுச்சு. கப்பல்ல சாமான் ஏத்தலாம்னாக் கண்டெய்னர் இல்லை. நம்மூரு காயலாங்கடைக்காரங்களே பழைய சாமானைப் பதுக்க ஆரம்பிச்சுட்டாங்கன்னாப் பாத்துக்குங்க. பெரிய கம்பெனிக்கெல்லாம் கட்டி போயிரும். நம்மள மாதிரி ஆளுக்கு, வருது வருதுன்னு போன்ல சொல்லுவாங்க. வராது.

உலை அணைஞ்சு கெடந்துச்சு. பூனை ஒண்ணு அதுக்குள்ள குட்டி போட்டுருச்சு. நான் தெனமும் போய்ப் பூனையைப் பாத்துட்டு வருவேன், வேற என்ன வேலை? கிரைண்டர் கம்பெனிக்காரன் வேற இடம் பாத்துக்கட்டுமான்னு கேக்கறான். வாணிக்கு அப்பக் கைக்கொழந்தை. ஒரு நாளு அவ கொழந்தையை இடுப்புல வெச்சுட்டு, இன்னொரு கையில ஒரு சாக்கு இழுத்துட்டு வந்தா. தொறந்து பாத்தா அவ ஊட்டு அலுமினியப் போசி, வடிதட்டு, பால் பாத்திரம் எல்லாம். 'இதை உருக்கிக்கண்ணா, நான் மண்சட்டியில ஆக்கிக்கறேன்'ங்கறா. அந்தப் போசியெல்லாம் உருக்குனா நாலு மோட்டார் மூடிக்குக் காணாதுங்க. ஆனா கொண்டாந்து குடுத்தா பாருங்க. அந்த மனசு அவளுக்கு. அவதான் இன்னிக்கு… சரி, உடுங்க.

விஜயதசமி அன்னிக்குக் காலையில லோடு வந்துச்சுங்க.

முந்தின நாளு ஆயுதபூசையை அழுகையோடதான் கும்பிட்டேன். வெறும் பட்டறைக்குப் பொரிகடலை வெச்சுக் கும்பிட்டா எப்படி இருக்கும்? அடுத்த நாளு காலையில லாரி வந்து நிக்குது. கட்டி பளபளன்னு. வெள்ளி மாதிரி இருந்துச்சுங்க. நான் லாரி மேல ஏறி ஒரு கட்டியைக் கட்டிப் புடிச்சுட்டு அழுதேன், பொய் சொல்லலை. மாப்ளதான் வந்து தோளைத் தட்டி எறக்கி உட்டாரு. பூனையைக் குட்டிகளோட வேற இடம் மாத்தி, உலையைப் பத்த வெச்சு, மிச்சம் மீதி கெடந்த துண்டு துணுக்கெல்லாம் போட்டு உருக்கி வெச்சுட்டாரு. அது தளதளன்னு நிக்குது. புதுக்கட்டி போட வேண்டியதுதான் பாக்கி.

முதக்கட்டியைச் சும்மா போட முடியுங்களா? அத்தனை நாளு காஞ்சு கெடந்து வந்த மகராசி அது. ஒரு கட்டியைப் பலகை மேல வெச்சு, கொடம் நெறைய மஞ்சத்தண்ணி கலந்து ஊத்தினேன். அப்பறம் பால். மறுக்கா மஞ்சத்தண்ணி. குங்குமம் வெச்சு, பூச்சரம் சுத்தி, சூடம் காட்டினேன். கட்டி மேல நடுவுல சுருங்குன மாதிரி சின்னச் சின்னதா ஓட்டை இருக்குமுங்க. அதுலயெல்லாம் மஞ்சத்தண்ணி நின்னு, குங்குமம் கரைஞ்சு, பாக்கறதுக்கு அத்தனை அழகு. போட்டோ எடுத்தேன். போன்ல இன்னும் இருக்குது. வேண்டாம், காட்டலை.

மாப்ள இடுக்கியைப் புடிச்சுட்டு நிக்கறாரு. 'மச்சான், ஈரமா இருக்குது. சித்த நேரம் மேல வெச்சுக் காய வெச்சுட்டுப் போடலாம்'னாரு. அவரு எப்பவும் சொல்றதுதானே. ராகுகாலம் பொறக்கப் போகுதுங்க. அதுக்குள்ள முதக்கட்டி உள்ள போயிரோணும். அத்தனை நாளு பட்ட பாட்டுக்கப்பறம் ராகுகாலத்துலயா ஆரம்பிப்பாங்க? நீங்களா இருந்தா ஆரம்பிப்பீங்களா? 'சாமிக்கு ஊத்துன தண்ணி மாப்ள, அது ஒண்ணும் பண்ணாது, போடுங்க'ன்னேன். அவரு என்ற மூஞ்சியை ஒருக்காப் பாத்தாரு. எத்தனை நாளைக்கப்பறம் இந்த ஆளு சிரிக்கறான்னு நெனைச்சாரோ என்னமோ. அவரும் சிரிச்சாரு. சரிங்க மச்சான்னாரு.

நான் பூசணிக்காய் ஒடைக்க வாசலுக்குப் போயிட்டேன்.

சத்தம் கேட்டுச்சுங்க. கூரைத் தகரம் பறந்து எதுத்த ஊட்டு மாடியில உளுந்துச்சு. அவ்வளவுதான் சொல்லுவேன். அதுக்கு மேல சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில மாப்ளைக்கு மூஞ்சி பூரா துணி சுத்தி வெச்சிருந்தாங்க. ஆனா பேச்சு இருந்துச்சு. வாணி பக்கத்துலயே உக்காந்திருந்தா. என்னை உள்ள உடலைங்க, ஒருத்தருதான் இருக்கலாம்னுட்டாங்க. என்ன பேசுனாங்களோ தெரியாது. பெருமாள் கோயில்ல வேண்டிக்கிட்டேன், மாரியாத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன். ஒரு சாமியும் காது குடுக்கலை. மாப்ள போயிட்டாரு.

இப்பச் சொல்லுங்க. கினியாவுல அந்த ராணுவம் வராம இருந்திருந்தா லோடு முன்னாலயே வந்திருக்கும். முன்னாலயே வந்திருந்தா விஜயதசமி அன்னிக்கு வந்திருக்காது. விஜயதசமி அன்னிக்கு வராட்டி நான் பூசையே போட்டிருக்க மாட்டேன். தெனமும் வர்ற கட்டிக்கு எவன் மஞ்சத்தண்ணி ஊத்தறான்? அப்ப எங்க இருக்குது தப்பு? நான் உக்காந்து உக்காந்து யோசிச்சுப் பாத்துட்டனுங்க. சுத்திச் சுத்தி அங்கதான் போய் நிக்குது. கட்டியே மட்டமான கட்டியா இருந்திருக்கலாம். இல்லாத காலத்துல கண்டதையும் கலந்து அனுப்பிச்சிருப்பான்.

அப்பறம் ஆபீசருங்க வந்தாங்க, விசாரணைக்கு. கட்டியை உலையில போட்டது யாருன்னு கேட்டாங்க. மாப்ளதான்னு சொன்னேன். இதுல என்ன பொய்யி? அவரு கையாலதான போட்டாரு. ஈரம் இருந்தது அவருக்குத் தெரியுமான்னாங்க. கவனிச்சிருக்க மாட்டாருங்க, அவசரத்துல போட்டுட்டாருன்னு சொன்னேன். வக்கீலு அப்படித்தான் சொல்லச் சொன்னாரு. போனவரு போயிட்டாரு, இருக்கறவன் ஜெயிலுக்குப் போயிட்டா அந்தப் புள்ளையை யாரு பாக்கறதுன்னாரு. நியாயந்தான? வாணிக்காகவும் சேர்த்துத்தான் சொன்னேன்.

அந்தப் பேச்சு சொந்தபந்தம், ஒறம்பரைக்குள்ளயெல்லாம் பரவிருச்சு. அத்தனை வருசம் உலைகிட்ட நின்னவனுக்கு ஈரக்கட்டியைப் போட்டா உலை வெடிக்கும்னு தெரியலையா, தூங்கி வழிஞ்சானா, குடிச்சிருந்தானான்னு. குடின்னா என்னன்னே தெரியாத மனுசனுங்க அவரு. நாலு பேரு நாலு விதமாப் பேசத்தான் செய்வாங்க, நம்ம எத்தனை வாயை மூட முடியும்? வாணி மட்டும் ஒண்ணுமே பேசலை. சண்டை போட்டிருந்தாக்கூடத் தேவலைங்க. காரியம் முடிஞ்சதும் கொழந்தையைத் தூக்கிட்டு மாமியா ஊட்டுக்குப் போனவதான். தீவாளிக்குத் துணி எடுத்துட்டுப் போவேன். கதவைத் தொறக்கறது அவ மாமியா. 'தூங்கறா'ம்பாங்க. பொங்கச் சீர் கொண்டு போவேன். 'தோட்டத்துக்குப் போயிருக்கறா'ம்பாங்க. உள்ள அவ செருப்பு கெடக்கும். கொழந்தை சத்தம் கேக்கும். நான் வாசல்லயே உக்காந்து தண்ணி குடிச்சுட்டு வந்துருவேன்.

போன வாரம் போன் வந்துச்சுங்க. அவளே பண்ணினா. 'அண்ணா, பாப்பாவுக்குக் காது குத்தறோம். மாமன் மடி வேணும், வா'ன்னா. எனக்குக் கை கால் ஓடலை. இத்தனை வருசம் கழிச்சு அண்ணான்னு கூப்புடறா. என்ற ஊட்டுக்காரி கேக்கறா, நெசமாவே அவதான் பேசுனாளான்னு. கடைவீதிக்குப் போய்ப் பட்டுப்பாவாடை, தங்கக்கம்மல், வளையல், இந்தப் பழமெல்லாம் நானே பாத்துப் பாத்து வாங்குனேன். கம்மலு எத்தனை சின்னது தெரியுங்களா? மொளகு அளவுதான் இருக்கும். காலையில மொத பஸ்ஸுல போயிட்டேன்.

கொழந்தைக்கு மொட்டையடிச்சுச் சந்தனம் பூசி உக்கார வெச்சிருந்தாங்க. தன்ஷிகான்னு பேரு. நெத்தியும் மூக்கும் அப்படியே மாப்ள. பாத்ததும் எனக்குத் தாங்கலைங்க. ஆசாரி ஊசியைத் தொடைச்சு வெச்சுட்டு, 'மாமன் யாருங்க, வந்து உக்காருங்க'ன்னாரு. நான் வேட்டியை இழுத்து உட்டுட்டுப் போறேன். வாணி முன்னால வந்து நின்னா.

'அண்ணா, உக்கார்றதுக்கு முன்னால ஒரே ஒரு வார்த்தை'ன்னா.

'சொல்லு அம்மிணி'ன்னேன்.

'அவரு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப எங்கிட்ட நடந்ததைச் சொன்னாரு. சொல்லிட்டு, மச்சானை ஒண்ணும் கேக்காதன்னும் சொன்னாரு. அதனால இந்நேரம் வரைக்கும் நான் உன்னை ஒண்ணும் கேக்கலை. உன்னைப் போலீசுக்குப் போகச் சொல்லலை, கோர்ட்டுக்குப் போகச் சொல்லலை. எம்புள்ள நாளைக்குப் பெருசாகி, உங்கப்பன் அஜாக்கிரதையில செத்தான்னு இந்தச் சனம் சொல்லி அதைக் கேக்கக் கூடாது. அவரு ஈரம்னு சொன்னாருன்னு இவங்க முன்னால ஒரு வார்த்தை சொல்லு. சொல்லிட்டு உக்காரு. எம்புள்ளையை நானே தூக்கி உன்ற மடியில வெக்கறேன்.'

கோபமா இல்லீங்க. கையைக் கூப்பிக்கிட்டுக் கேட்டா. சின்ன வயசுல முட்டாயி கேக்கறப்ப இப்படித்தான் நிப்பா.

மாப்ளயோட பங்காளிக அத்தனை பேரும் என்னையே பாக்கறாங்க. அந்தம்மா, மாமியா, தூணைப் புடிச்சுட்டு நிக்கறாங்க. சொல்லிரலாம்னுதாங்க வாயைத் தொறந்தேன். சத்தியமாச் சொல்லிரலாம்னுதான். தொறந்த வாயில என்ன வந்துச்சு தெரியுங்களா? 'அம்மிணி, அந்த வருசம் கினியாவுல'ன்னு வந்துச்சு.

நிறுத்த முடியலைங்க. கினியாவைச் சொன்னேன், சீனாக்காரன் கரண்டைச் சொன்னேன், கப்பலைச் சொன்னேன். யாரோ பின்னால சிரிச்சாங்க. வாணி சிரிக்கலை. கூப்புன கையை எறக்காம நான் சொல்லி முடிக்கற வரைக்கும் கேட்டா. முடிச்சதும், 'அவரு என்ன சொன்னாருண்ணா?'ன்னா.

'ஒண்ணும் சொல்லலையே அம்மிணி'ன்னேன்.

கையை எறக்கிட்டா. கொழந்தையைத் தூக்கிட்டுப் போய்ப் பலகை மேல அவளே உக்காந்தா. ஆசாரி என்னைப் பாக்கறாரு, அவளைப் பாக்கறாரு. 'மாமன் வரட்டுங்களே அம்மா'ங்கறாரு. 'இந்தப் புள்ளைக்கு மாமன் இல்லீங்க. எம்மடியிலயே குத்துங்க'ன்னா.

நான் பக்கத்துலதான் நிக்கறேன். ரெண்டு எட்டு வெச்சாப் போதும். கொழந்தை வீல்னு கத்துச்சு. எல்லாரும் வாழைப்பழத்தைக் காட்டறாங்க, கிலுகிலுப்பை ஆட்டறாங்க. நானும் ஏதாச்சும் வேடிக்கை காட்டலாம்னு கையைத் தூக்குனேன். அது அழுதுட்டே என்னைப் பாத்துட்டு, இது யாருன்னு அவங்கம்மா மூஞ்சியைப் பாத்துச்சுங்க. வாணி அதைத் தோள்ல சாச்சுக்கிட்டா. அந்த ரெண்டாவது காதையும் குத்தி முடிக்கற வரைக்கும் என்ற பக்கம் திரும்பவே இல்லை.

சீரை அங்க வெச்சுட்டு வந்திருக்கலாந்தான். அவ மாமியா நானே தூக்கி வந்து பஸ் ஏத்தி உடறேன்னுட்டாங்க. வயசான அம்மா, ஒரு தட்டைத் தூக்கிட்டு வெயில்ல எங்கூட ரோடு வரைக்கும் நடந்தாங்க. பஸ்ஸு வந்ததும், 'உங்களை நம்பித்தானுங்க எம்பையனை அனுப்புச்சோம்'னாங்க. அவ்வளவுதான்.

என்னங்க, பழம் அப்படியே கையில வெச்சிருக்கறீங்க, சாப்புடுங்க.

நீங்க யாரு, எந்த ஊருன்னுகூட நான் கேக்கலை. மாப்ள என்ன சொன்னாருன்னு நீங்களும் கேக்கலை. ஆனா சொல்லிட்டேன் பாத்தீங்களா? ஈரமா இருக்குது, சித்த நேரம் காய வெச்சுட்டுப் போடலாம்னு, அவரு சொன்ன மாதிரியே, தங்குதடை இல்லாமச் சொல்லிட்டேன். இதேதான் அவ கேட்டா. இதுக்கு மேல ஒரு வார்த்தைகூடக் கேக்கலை. எங்கூடப் பொறந்தவ, கையைக் கூப்பிக்கிட்டு நிக்கறா, அவகிட்ட மட்டும் வர மாட்டேங்குதுங்க.